வீட்டில் ஒருவருக்குக் கொலஸ்டமி: குடும்பத்தினருக்கான முழுமையான வழிகாட்டி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்விடுவார். போர்வையை விலக்கினால் வயிற்றில் சிவப்பாக ஒரு திறப்பு, அதன்மேல் ஒட்டிய ஒரு பை. இனி மலம் இந்த வழியாகத்தான் வரும் என்பதை நோயாளியும் வீட்டாரும் ஒரே நேரத்தில் எதிர்கொள்கிறார்கள். யாருக்கும் முன் அனுபவம் இருக்காது. யாரிடம் கேட்பது என்றும் தெரியாது.

வீட்டில் வரும் மனக்கஷ்டத்தில் பெரும்பகுதி, பை கசிவதிலிருந்துதான் வருகிறது. கசியும் என்ற பயத்தில்தான் அப்பா வெளியே போக மறுக்கிறார். கசியும் என்ற பயத்தில்தான் அம்மா சாப்பாட்டைக் குறைக்கிறார், தனியாகப் படுக்கிறார். ஆகவே தேறுதல் வார்த்தைகளுக்கு முன்னால் பையைச் சரியாக ஒட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த வேலையை மெதுவாக அவர் கையிலேயே ஒப்படையுங்கள். இந்த இரண்டும் நடந்துவிட்டால் மீதியைச் சமாளித்துவிடலாம்.

1. என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

கொலஸ்டமி என்பது பெருங்குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைத்து வைப்பது. அந்தத் திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர். பெருங்குடல் புற்றுநோய், குடலில் ஓட்டை விழுதல், குடல் முறுக்கிக்கொள்ளுதல், விபத்தில் பட்ட காயம் என்று காரணங்கள் பல. பிறவியிலேயே ஆசனவாய் சரியாக அமையாத குழந்தைகளுக்கும் செய்வதுண்டு. சிறுகுடலை வெளியே கொண்டுவந்தால் அது இலியோஸ்டமி. அதில் மலம் தண்ணீராகப் போகும், கவனிக்க வேண்டிய விஷயங்களும் வேறு. அடுத்தவர் சொல்லும் அறிவுரையைக் கேட்கும்போது அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்டுப் பதிலை எழுதி வையுங்கள். பெருங்குடலின் எந்தப் பகுதியில் ஸ்டோமா வைத்திருக்கிறார்கள்? தற்காலிகமா, நிரந்தரமா? குடலின் ஒரு முனையை மட்டும் வெளியே எடுத்திருக்கிறார்களா, ஒரு வளைவாக எடுத்திருக்கிறார்களா? மலக்குடல் உள்ளே இருக்கிறதா, எடுத்துவிட்டார்களா?

முதல் கேள்வியின் பதிலை வைத்து மலம் எப்படி வரும் என்று சொல்லலாம். இடப்பக்கம் கீழே, அதாவது பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்திருந்தால் மலம் ஏறக்குறைய வழக்கம்போல் கெட்டியாக வரும். நடுப்பகுதியில் வைத்திருந்தால் கூழாக வரும். கடைசிக் கேள்வியையும் விட்டுவிடாதீர்கள். மலக்குடல் உள்ளே இருந்தால் பழைய வழியாக அவ்வப்போது சளி வரும், மலம் கழிக்கும் உந்துதலும் வரும். மலக்குடலை எடுத்துவிட்டவர்களுக்குக்கூட அந்த உணர்வு மட்டும் வந்து போவதுண்டு. முன்கூட்டியே தெரியாவிட்டால் ஆபரேஷன் தோற்றுவிட்டதோ என்று வீடே பதறும்.

ஆபரேஷன் அவசரமாக இல்லாமல் முன்கூட்டியே தேதி குறித்து நடக்கிறது என்றால், ஸ்டோமா வைக்கும் இடத்தை முன்னாலேயே வயிற்றில் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். உட்காரும்போது மடிப்பு விழும் இடம், ஆடையை இறுக்கிக் கட்டும் இடம், பழைய தழும்பு ஆகியவற்றை விட்டுத் தள்ளிக் குறிக்க வேண்டும். நோயாளி குனிந்து பார்த்தால் அவர் கண்ணுக்கே தெரிய வேண்டும். சரியான இடத்தில் ஸ்டோமா அமைந்தால் பின்னால் எத்தனையோ தொல்லைகள் வராமலே போகும்.

2. ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்

வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்வது நல்லது. ஒருவர் மட்டும் கற்றுக்கொண்டால் அவருக்குக் காய்ச்சல் வந்தாலும் விடுப்பில்லை. நர்ஸ் பை மாற்றுவதைப் பாருங்கள். அடுத்த முறை நர்ஸ் பக்கத்தில் இருக்க நீங்கள் மாற்றுங்கள். நோயாளியின் சம்மதத்தோடு செல்போனில் ஒரு வீடியோ எடுத்து வைத்தால் வீட்டில் உதவும்.

ஆரோக்கியமான ஸ்டோமா வாயின் உள்பக்கம்போல் சிவந்து ஈரமாக இருக்கும். அதில் வலி உணரும் நரம்பு கிடையாது, தொட்டால் வலிக்காது. துடைக்கும்போது ஓரிரு துளி ரத்தம் கசிவது இயல்பு. ஆனால் வலி தெரியாது என்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இறுக்கமான பெல்ட்டோ, பையைத் தோலில் ஒட்டும் தட்டின் ஓரமோ அதை அறுத்தால் அவருக்குத் தெரியாது. கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல்முறை பார்க்கும்போது அருவருப்பு வரலாம். இது அன்புக் குறைவு இல்லை. அந்த முதல் பார்வையை நோயாளியின் முன்னால் வைத்துக்கொள்ளாதீர்கள், அவ்வளவுதான். முன்பே படங்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள், அல்லது நர்ஸிடம் தனியாகப் பேசுங்கள். தன் உடம்பு மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதை அவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். மூக்கைப் பொத்திய ஒரு நொடியை அவர் நெடுநாள் மறக்க மாட்டார்.

3. பை மாற்றும் முறை

பையில் இரண்டு வகை. தோலில் ஒட்டும் தட்டும் பையும் சேர்ந்தே வருவது ஒன்று. தட்டு தனி, பை தனியாக வந்து பொருத்திக்கொள்வது இன்னொன்று. தட்டை ஃபிளேஞ்ச் என்று சொல்வார்கள். பையின் அடிப்பக்கம் திறந்து காலிசெய்யும் வகையும் உண்டு, நிறைந்ததும் கழற்றி எறியும் மூடிய வகையும் உண்டு. மலம் கெட்டியாக வருபவர்களுக்கு மூடிய பை வசதி. அதை நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். திறந்து காலிசெய்யும் பையில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்தாலே காலிசெய்துவிடுங்கள், பாதியைத் தாண்ட விடாதீர்கள். கனம் ஏறினால் பையே தட்டை இழுத்துப் பிரித்துவிடும். அந்த வகைத் தட்டு பொதுவாக 3 முதல் 4 நாள் தாங்கும்.

காலையில் சாப்பிடுவதற்கு முன் மாற்றுவது உத்தமம். குடல் அப்போது அடங்கியிருக்கும்.

1. எல்லாவற்றையும் முதலில் எடுத்து வையுங்கள்: புதுப் பை, அளவுகாட்டி, வளைந்த கத்தரிக்கோல், வெந்நீரில்லாத வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி, குப்பைக்கு ஒரு கவர். பாதியில் எழுந்து ஓட முடியாது.

2. பழைய பையைக் காலிசெய்துவிட்டு, தட்டை மேலிருந்து கீழாக மெதுவாகப் பிரியுங்கள். ஒரு கை தட்டைப் பிடிக்க, இன்னொரு கையால் தோலை அழுத்திக்கொள்ளுங்கள். வெடுக்கென்று இழுத்தால் தோல் உரியும்.

3. கழற்றிய தட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். பலர் இதைப் பார்க்காமல் சுருட்டி எறிந்துவிடுகிறார்கள். மலம் எந்தப் பக்கம் அடியில் ஊர்ந்திருக்கிறது, பசை எந்தப் பக்கம் கரைந்திருக்கிறது என்பது அங்கே அப்படியே பதிந்திருக்கும். அடுத்த கசிவு எங்கிருந்து வரும் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

4. சுற்றியுள்ள தோலை வெறும் தண்ணீரால் துடையுங்கள். வாசனை சோப்பு, எண்ணெய், க்ரீம், குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான் எதுவும் வேண்டாம். அவை தோலில் படலமாக நின்று பசையை ஒட்டவிடாது. அப்புறம் ஒற்றியெடுத்து நன்றாக உலர விடுங்கள். முடி இருந்தால் ஸ்டோமாவிலிருந்து விலகும் திசையில் கவனமாகக் கத்தரியுங்கள்.

5. ஸ்டோமாவை அளந்து, அதைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் துளை வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் வெளியே தெரியும் தோலில் மலம் பட்டுப் புண்ணாகும். சிறிதாக வெட்டினால் ஸ்டோமா அறுபடும். முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும். ஆகவே ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த அளவையே வைத்துக்கொண்டிருக்காமல் வாரம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள்.

6. தட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே சற்று நேரம் வைத்துச் சூடாக்குங்கள். பசை இளகும். தோலில் சுருக்கம் இல்லாதபடி நிமிர்ந்து நிற்கச் சொல்லி, கீழிருந்து மேலாக ஒட்டுங்கள். ஒட்டியபின் ஸ்டோமாவைச் சுற்றி விரலால் வழித்துவிட்டு, மேலே கையை ஒரு நிமிஷம் வைத்திருங்கள். அந்தச் சூட்டில்தான் பசை தோலோடு சேரும்.

பழைய பையைச் சுற்றிக் கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மலத்தை மட்டும் கழிவறையில் கொட்டலாம். பையைக் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். புதுப் பைகளை வெயிலும் சூடும் படாத இடத்தில் வையுங்கள்.

4. கசிந்தால் ஏன் என்று தேடுங்கள்

டேப் போட்டு ஒட்டிவிட்டால் கசிவு நிற்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மலம் டேப்புக்கு அடியில் நின்று தோலைத் தின்னும். புண்ணான தோல் ஈரமாக இருக்கும், ஈரத்தில் பசை ஒட்டாது, மறுபடி கசியும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்ட குடும்பங்கள்தான் அதிகம் அவதிப்படுகின்றன. கசிந்த தட்டை உடனே கழற்றிவிட்டுப் புதிது ஒட்டுவதே சரி, நள்ளிரவானாலும்.

துளை அளவை முதலில் பாருங்கள். அது சரியென்றால் தோலில் பள்ளமோ மடிப்போ இருக்கிறதா என்று அவரை உட்காரவும் குனியவும் சொல்லிப் பாருங்கள். படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் வயிறு உட்கார்ந்ததும் மடியும். பள்ளத்தை நிரப்ப ஸ்டோமா பேஸ்ட்டும் இளகும் வளையமும் கிடைக்கின்றன. ஸ்டோமா தோல் மட்டத்துக்கோ உள்ளேயோ போயிருந்தால் நடுவில் குவிந்த தட்டு தேவைப்படும். அதை ஸ்டோமா நர்ஸிடம், அதாவது ஸ்டோமா பராமரிப்பில் பயிற்சி பெற்ற நர்ஸிடம் கேட்டே தேர்ந்தெடுங்கள். எடை கூடினாலும் குறைந்தாலும் வயிற்றின் வடிவம் மாறி, அதுவரை சரியாக ஒட்டிய தட்டு ஒட்டாமல் போகும்.

கெட்டியான மலம் பைக்குள் இறங்காமல் ஸ்டோமாவின் மேலேயே குவிந்து தட்டுக்கு அடியில் புகுவது இன்னொரு தொல்லை. பைக்குள் காற்றே இல்லாமல் இருபக்கமும் ஒட்டிக்கொள்வதால் இப்படி ஆகிறது. ஒட்டுவதற்கு முன் பைக்குள் கொஞ்சம் காற்று விடுங்கள். பையோடு வரும் சிறு ஸ்டிக்கரால், பையிலிருந்து காற்றை வெளியே விடும் வடிகட்டியை மூடுங்கள். பைக்குள் விடுவதற்கென்றே வழுக்கும் திரவமும் கிடைக்கிறது.

தோல் எப்படி இருக்க வேண்டும் என்று தெரிய வயிற்றின் மறுபக்கத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் எல்லாம் சரி. கசியும் புண்ணுக்கு ஸ்டோமா பவுடரை லேசாகத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டு ஒட்டலாம். அரிப்போடு சின்னச் சின்னச் சிவப்புப் பொரிகள் பரவினால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு மருந்து வேண்டும்.

5. வாடையும் சாப்பாடும்

பை சரியாக ஒட்டி மூடியிருந்தால் வாடை வெளியே வராது. வாடை வந்தால் எங்கோ பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். வாசனைத் திரவியத்தைத் தேடாமல் தட்டின் ஓரத்தைப் பாருங்கள். காற்று நிறைகிறது என்று பையில் ஊசியால் துளை போடவே கூடாது.

கொலஸ்டமி உள்ளவருக்குத் தனிச் சமையல் பெரும்பாலும் தேவையில்லை. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்கள் டாக்டர் சொன்னபடி எளிதில் செரிப்பதைக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகப் பழைய உணவைச் சேருங்கள். பயறு, முட்டைக்கோஸ், வெங்காயம், நுரைக்கும் பானம் ஆகியவை பலருக்குக் காற்றைக் கூட்டும். அவருக்கும் கூட்டுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பட்டியல் போட்டு எல்லாவற்றையும் நிறுத்தாதீர்கள். பீட்ரூட் சாப்பிட்டால் மலம் சிவக்கும், இரும்புச் சத்து மாத்திரையால் கறுக்கும். தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், ஸ்டோமா இருந்தாலும் வரும்.

பையைக் கழுவும் வேலையைக் குறைக்கப் பட்டினி கிடப்பவர்கள் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டில் மிச்சம் வைப்பதைக் கவனியுங்கள். வெறும் குடலில் காற்றுதான் அதிகமாகும் என்று பக்குவமாகச் சொல்லுங்கள்.

பெருங்குடலின் கடைசிப் பகுதியில் ஸ்டோமா உள்ள சிலர், அதன் வழியே தண்ணீர் செலுத்திக் குடலைச் சுத்தம் செய்துகொள்வார்கள். அதன்பின் ஒரு நாளோ அதற்கு மேலோ பெரும்பாலும் மலம் வராது. எல்லோருக்கும் பொருந்தாது. டாக்டர் சம்மதித்து நர்ஸ் நேரில் கற்றுக்கொடுத்த பிறகு மட்டுமே செய்ய வேண்டும்.

6. வேலையை அவர் கையில் ஒப்படையுங்கள்

எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பதுதான் பாசம் என்று தோன்றும். ஆனால் தன் மலத்தை மகளோ மனைவியோ தினமும் துடைப்பது பலருக்கு நோயைவிடப் பெரிய வேதனை. முதலில் கண்ணாடியைப் பிடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் காலிசெய்வது. அப்புறம் துடைப்பது. கடைசியில் அளந்து வெட்டி ஒட்டுவது. அவசரப்படுத்த வேண்டாம். கை நடுங்கினாலோ பார்வை மங்கினாலோ துளை வெட்டியே வரும் பைகளை வாங்கலாம், அல்லது பல தட்டுகளை நீங்கள் முன்பே வெட்டி வைக்கலாம்.

மறதி நோய் உள்ளவர்கள் பையை இழுத்துப் பிய்ப்பார்கள். கோபித்துப் பயனில்லை. முன்பக்கம் எளிதில் திறக்காத ஆடை, ஒளி ஊடுருவாத பை, தினமும் ஒரே நேரம், ஒரே ஆள் என்று வைத்துக்கொண்டால் குறையும். அடிக்கடி இழுத்தால் தோல் அரிக்கிறதா என்றும் பாருங்கள். சொல்லத் தெரியாமல் இழுக்கலாம்.

இன்று பழக்கத்தில் இருக்கும் ஒட்டும் பையே ஒரு குடும்பத்துக் கவலையில் பிறந்ததுதான். 1954இல் டென்மார்க்கில் எலிசே சோரன்சன் என்ற நர்ஸ், ஸ்டோமா வைக்கப்பட்ட தன் சகோதரி தோரா கசிவுக்குப் பயந்து வெளியே போகாமல் இருப்பதைப் பார்த்து, தோலில் ஒட்டிக் கழற்றி எறியும் பையை யோசித்தார். அவர் தேடியது சகோதரியின் தயக்கத்தைப் போக்க ஒரு வழி. அதனால்தான் கசிவையும் வெளியே போவதையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

7. யாரிடம் சொல்வது, எப்படிப் பேசுவது

யாருக்குத் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். சொந்தக்காரர்கள் விசாரித்தால் "குடலில் ஆபரேஷன், தேறி வருகிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். விருந்தாளிகள் முன்னால் பையைப் பற்றிப் பேசுவது, "காலி பண்ணிட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்பது, இதெல்லாம் வேண்டாம். ஸ்டோமாவிலிருந்து சத்தம் வந்தால் பேச்சை நிறுத்தாமல் தொடருங்கள். அதை அவரால் அடக்க முடியாது.

குழந்தைகள் சீக்கிரம் ஏற்றுக்கொள்வார்கள். "தாத்தாவுக்கு வயிறு சரியாக இல்லை, அதனால் இந்தப் பை வழியாக ஆய் போகிறார், அவருக்கு வலிக்காது" என்றால் போதும். ஒளித்து வைத்தால்தான் பயப்படுவார்கள்.

கணவன் மனைவி விஷயம் தனி. பராமரிப்பவராக மாறிய துணை, மறுபடி துணையாக மாற நாளாகும். முடிந்தால் பை மாற்றும் வேலையில் ஒரு பகுதியையாவது வேறொருவர் ஏற்பது இதனால்தான் நல்லது. உடலுறவில் தடை எதுவும் இல்லை, காயம் ஆறி டாக்டர் சரியென்றதும் தொடரலாம். முன்னால் பையைக் காலிசெய்துகொண்டு, சிறிய பையோ துணி உறையோ போட்டுக்கொள்ளலாம். மலக்குடல் ஆபரேஷனில் நரம்புகள் பாதிக்கப்பட்டால் ஆணுக்கு விறைப்பு குறையலாம், பெண்ணுக்கு வறட்சியும் வலியும் வரலாம். இது ஆசைக் குறைவென்று ஒருவரையொருவர் தப்பாக நினைப்பதற்குள் டாக்டரிடம் பேசுங்கள். சிகிச்சை உண்டு. ஸ்டோமாவுக்குள் எதையும் செலுத்தக் கூடாது.

இதே நிலையில் பல வருஷம் வாழ்ந்த ஒருவரோடு அவரைப் பேச வையுங்கள். ஸ்டோமா பராமரிப்பு ஒரு தனித் தொழிலாக வளர்ந்ததே அப்படித்தான். 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் டாக்டர் ரூபர்ட் டர்ன்புல், தன்னிடம் இலியோஸ்டமி செய்துகொண்ட நார்மா கில்லை மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேலைக்குச் சேர்த்தார். நாம் நூறு முறை சொல்லியும் கேட்காததை, தன் வயிற்றிலும் பை உள்ள ஒருவர் சொன்னால் கேட்பார்.

8. வெளியே போவது

பக்கத்துத் தெரு வரை ஒருமுறை, அப்புறம் கொஞ்சம் தூரம் என்று தொடங்குங்கள். வெட்டி வைத்த தட்டு, பை, துணி, தண்ணீர், குப்பைக் கவர், மாற்றுடை எல்லாம் ஒரு சிறு பையில் எப்போதும் தயாராக இருக்கட்டும். நீண்ட பயணத்தில் வழக்கமாகத் தேவைப்படுவதைப்போல் இரு மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் அவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள். கத்தரிக்கோலைத் தடுக்கலாம் என்பதால் முன்பே வெட்டி வைப்பது நல்லது. குளிக்கலாம், காயம் ஆறியபின் நீந்தலாம். முதல் 6 முதல் 8 வாரங்கள் கனமான எதையும் தூக்கவிடாதீர்கள். அதன்பிறகும் டாக்டரிடம் கேட்டே தூக்கட்டும், ஸ்டோமாவைச் சுற்றிக் குடலிறக்கம் வரும் வாய்ப்பு இருந்துகொண்டே இருக்கும்.

9. இவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்

ஸ்டோமா கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால் ரத்த ஓட்டம் நிற்கிறது என்று பொருள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மலமும் காற்றும் வராமல் வயிறு உப்பி, வலியும் வாந்தியும் சேர்ந்தால் குடல் அடைப்பாக இருக்கலாம். அப்போது வீட்டிலேயே பேதி மருந்து கொடுக்காதீர்கள். அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டாலும், ரத்தம் ஸ்டோமாவின் உள்ளிருந்து வந்தாலும், குடல் திடீரென்று நீளமாக வெளியே தள்ளிவிட்டாலும் தாமதம் கூடாது. ஸ்டோமா மெல்ல உள்ளே போவது, சுற்றிப் புடைப்பது, தோல் புண் ஆறாமல் நிற்பது ஆகியவற்றுக்கு ஓரிரு நாளில் காட்டினால் போதும்.

அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டு, குளிக்காமல், யாரையும் பார்க்காமல் வாரக்கணக்கில் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வுக்கும் மருத்துவம் இருக்கிறது.

10. பராமரிப்பவருக்கு

இரவில் எழுந்து விரிப்பு மாற்றுபவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். அதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். வாரத்தில் சில மணி நேரமாவது வேறொருவர் பொறுப்பேற்கட்டும். உதவத் தயங்கும் உறவினர்களிடம் பை மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. பொருட்கள் தீருமுன் வாங்கித் தருவது, டாக்டரிடம் அழைத்துப் போவது, அவரோடு உட்கார்ந்து பேசுவது என்று வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பவர்களிடமும் அப்படியே ஒரு வேலையைச் சொல்லிவிடுங்கள்.

11. தற்காலிக ஸ்டோமாவை மூடிய பிறகு

மூடுவதற்குப் பொதுவாகச் சில மாதங்கள் ஆகும். கீமோ போன்ற சிகிச்சை நடந்தால் இன்னும் தள்ளிப்போகும், சிலருக்கு மூட முடியாமலும் போகலாம். ஆகவே "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று தேதி சொல்லித் தேற்றாதீர்கள். மூடிய பிறகும் எல்லாம் மறுநாளே பழையபடி ஆகிவிடாது. குறிப்பாக மலக்குடலில் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு ஒரு நாளில் பலமுறை மலம் போகும், அடக்க முடியாமல் ஓட வேண்டிவரும், ஆசனவாய் எரியும். படிப்படியாகத்தான் சீராகும். கழிவறைக்குப் பக்கத்தில் அவர் படுக்கை இருக்கட்டும், தோலைக் காக்கும் க்ரீமும் மாற்றுத் துணியும் தயாராக இருக்கட்டும். இடுப்புத் தசைப் பயிற்சியை மூடும் ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்டோமா நர்ஸின் போன் நம்பரையும் அழித்துவிடாதீர்கள், இந்தக் கட்டத்திலும் அவரிடம் கேட்க நிறைய இருக்கும்.